ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இரண்டு முறை சொன்ன கருத்து

ஜனவரி முதல் ஞாயிறு இரவு, எனக்குப் பழக்கமான ஒரு தம்பியிடமிருந்து கைபேசிக்கு ஒரு படம் வந்தது. கீழே ஒரே வரி: "எப்படி இருக்குண்ணே?"

ஒரு கல்யாண ஆல்பத்தின் கடைசிப் பக்கங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். படத்தை விரலால் பெரிதாக்கி ஒரு முக்கால் நிமிடம் பார்த்திருப்பேன். உடனே பதில் எழுதினேன்: "கான்ட்ராஸ்ட் இல்ல. இடது ஓரத்துல நாற்காலி உறுத்துது. வலது பக்கம் சும்மா கிடக்கு, வெட்டிடு. வண்டிக்காரர் மட்டும் போதும். கால் வெட்டுப்பட்டிருக்கு, அடுத்த தடவை பின்னாடி போய் நின்னு எடு."

"சரிண்ணே" என்று பதில் வந்தது. அதற்கப்புறம் இரண்டு ஞாயிறு போயின. அவனிடமிருந்து படம் எதுவும் வரவில்லை.

அவசரமாக எழுதிய அந்தச் சில வரிகளைத் திரும்ப எடுத்து, ஒழுங்காகச் செய்து பார்த்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரே ஒரு படத்துக்கு ஒரு வாரம் பிடித்தது. தேவைப்பட்டவை ஒரு பிரிண்ட், இரண்டு அட்டைத் துண்டு, ஒரு டிரேசிங் பேப்பர், ஒரு கடை நிறையக் காகிதம், அப்புறம் ஒரு ஞாயிறு காலை.

இந்தத் தம்பி சென்னைப் பாரிமுனையில், ஆண்டர்சன் தெருவில் ஒரு காகிதக் கடையில் வேலை செய்கிறான். அந்தத் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் காகிதக் கடைகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இருக்கும். ஆறு நாள் காகித ரீம் கட்டு ஏற்றி இறக்கி, பில் போட்டு, டெலிவரிக்கு வண்டி பிடித்து அனுப்புவான். ஞாயிறு காலை மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேமராவோடு ஜார்ஜ் டவுன் சந்துகளில் நடப்பான். 35 மி.மீ. லென்ஸ் ஒன்றுதான் அவனிடம் உண்டு. ஆல்பத்துக்கு அட்டை வாங்கப் போன இடத்தில் பழக்கம். நான் திருவல்லிக்கேணியில் ஒரு ஸ்டுடியோவில் ஃபிலிம் கழுவிப் பிரிண்ட் போடும் டார்க் ரூமில் பதினொரு வருடம் இருந்தவன் என்று தெரிந்ததிலிருந்து படங்களை எனக்கு அனுப்பத் தொடங்கினான்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை அட்டை வாங்கப் போனபோது கேட்டேன்: "என்னப்பா, பொங்கலுக்குப் படம் ஒண்ணும் எடுக்கலையா?"

கட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னான்: "நீங்க வெட்டச் சொன்ன இடத்துக்காகத்தாண்ணே அந்தப் படத்தையே எடுத்தேன்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. கைபேசியில் படத்தைத் திறந்து அவன் காட்டினான். தம்புச் செட்டித் தெருவை ஒட்டிய ஒரு சந்து. மார்கழிக் காலை. ரீம் ஏற்றிய மூன்று சக்கர மீன்பாடி வண்டியிலிருந்து இறங்கி ஒருவர் தள்ளி வருகிறார். அது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. வலது பக்கத்தில், மூடிய ஷட்டருக்கு முன்னால் ஒரு பெண் குனிந்து கோலத்தை முடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு கை கோலத்தில் இருக்கிறது, மற்ற கை வண்டியைப் பார்த்து லேசாக உயர்ந்திருக்கிறது. வண்டிக்காரர் ஹேண்டிலை முழுக்க ஒடித்திருக்கிறார். சக்கரத்துக்கும் கோலத்தின் கடைசிக் கோட்டுக்கும் நடுவில் நான்கு விரல் இடம்.

"அந்த அம்மா ஒண்ணுமே சொல்லலண்ணே. கையத் தூக்கினாங்க, அவ்ளோதான். இவரு அத்தனை லோடோட வளச்சுப் போனாரு."

அந்த நான்கு விரல்தான் படம். அதைத்தான் வெட்டச் சொல்லியிருந்தேன்.

அங்கேயே நின்று அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "இன்னொரு தடவை முதல்லேர்ந்து பாக்கலாமா?" என்றேன். அவன் உடனே சரி என்று சொல்லவில்லை. பில் போட்டு முடித்து, மீதிச் சில்லறையைக் கொடுக்கும்போதுதான் "ஒரிஜினல் அனுப்பட்டுமாண்ணே?" என்று கேட்டான்.

முதல் வேலை அதுதான். கைபேசியில் செய்தியாக வரும் படம் பெரும்பாலும் சுருங்கித்தான் வரும். நிழல் பகுதிகளில் நுண்ணிய வேறுபாடுகள் கரைந்து, கட்டம் கட்டமாகத் திட்டாகிவிடும். அதைப் பார்த்து 'ஷேடோவில் விவரம் இல்லை' என்று சொல்வது எடுத்தவனுக்குச் செய்யும் அநியாயம். நல்லவேளை, கேமராவில் கறுப்பு வெள்ளை ஜேபெக்கோடு ரா ஃபைலும் (கேமரா பார்த்ததை மாற்றாமல் வைத்திருக்கும் கோப்பு) சேர்ந்து பதிவாகும்படி அவன் வைத்திருந்தான். ஜேபெக்கில் நிறம் அடியோடு போயிருக்கும். ரா ஃபைலில் நிறம் அப்படியே உட்கார்ந்திருக்கும். பின்னால் இது பெரிய உதவியாக இருந்தது.

வியாழக்கிழமை எட்டுக்குப் பன்னிரண்டு அங்குல அளவில் ஒரு பிரிண்ட் போட்டேன். முதலில் ஒரு லேபில் கொடுத்தேன், வண்ணப் படத்துக்கான தாளில் அடித்துக் கொடுத்தார்கள். கறுப்பெல்லாம் லேசான பச்சையாக வந்தது. இதைத் தம்பியிடம் காட்டியிருந்தால் குற்றம் தன் எடிட்டிங்கில் இருக்கிறது என்று நினைத்திருப்பான். அதை ஒதுக்கிவிட்டு, வீட்டு இங்க்ஜெட்டில் மேட் தாளில் மறுபடி அடித்தேன். திரையில் பார்த்தால் பின்னாலிருந்து வெளிச்சம் வருகிறது, எல்லாப் படமும் கொஞ்சம் நன்றாகவே தெரியும். தாளில் அந்தச் சலுகை கிடையாது. அதனால் கருத்துச் சொல்ல உட்காரும்போது பிரிண்ட் இருந்தே ஆக வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பிரிண்டை ஜன்னல் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, கைபேசியில் மூன்று நிமிடம் அலாரம் வைத்தேன். அதுவரை பேனாவைத் தொடக் கூடாது. சும்மா பார்ப்பது மட்டும்தான். முதல் அரை நிமிடம் முடிந்ததும் ஏதாவது குறை சொல்ல மனசு துடிக்கும். ஒரு நிமிடம் தாண்டியதும் அது அடங்கிவிடும். அதற்கப்புறம்தான் படத்தில் இருப்பவை ஒவ்வொன்றாக வெளியே வரும். வண்டிக்காரரின் முழங்கையில் கட்டிய கர்ச்சீப் எனக்கு இரண்டாவது நிமிடத்தில்தான் தெரிந்தது. ஷட்டருக்கு மேல் மாடியில் காயும் துணிக்கு நடுவில் ஒரு குழந்தையின் முகம் இருப்பது அதற்கும் பிறகு.

அலாரம் அடித்ததும் கண் போன வழியை மட்டும் எழுதினேன். முதலில் இடது ஓரத்து வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி. அங்கிருந்து வண்டிக்காரரின் சட்டை. அப்புறம் மேலே மின்கம்பிக் கூட்டம். அப்புறம் கோலம். கடைசியாகத்தான் அந்த அம்மா. தம்பி சொன்ன படத்தில் அவர் முதலிலோ இரண்டாவதாகவோ வர வேண்டும். ஐந்தாவதாக வருகிறார். 'நன்றாக இல்லை' என்று எழுதுவதற்கும் 'அந்த அம்மாவிடம் என் கண் ஐந்தாவதாகத்தான் போகிறது' என்று எழுதுவதற்கும் உள்ள தூரத்தை அந்தத் தாளைப் பார்த்தபோது உணர்ந்தேன். முதலாவதைக் கேட்டால் முகம் சுருங்கும். இரண்டாவதைக் கேட்டால் 'ஏன் அப்படி?' என்று தேடத் தோன்றும்.

பிரிண்டைத் தலைகீழாகத் திருப்பி, ஆறடி தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிப் பார்த்தேன். இது டார்க் ரூமில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் செய்வது. தலைகீழாக இருக்கும்போது மனிதர், வண்டி, கோலம் என்று எதுவும் இருக்காது. வெளிச்சத் திட்டும் இருட்டுத் திட்டும்தான் இருக்கும். வலது பாதி முழுவதும் ஒரே சாம்பல் பலகையாகத் தெரிந்தது. டிரேசிங் பேப்பரை மேலே வைத்து, வேறுபாடு தெரிகிற இடத்தில் மட்டும் பென்சிலால் கோடு போட்டேன். வண்டிக்காரருக்கு முழு உருவம் கிடைத்தது. கோலத்துக்குக் கிடைத்தது. அந்த அம்மாவுக்குத் தலைமுடியும் உயர்ந்த கையும் மட்டும் வந்தன, புடவை இருந்த இடத்தில் பென்சிலுக்கு வேலையே இல்லை.

சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கடை மூடியபின் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்தோம். பெரிய வெட்டும் மேசை, மேலே வெள்ளை விளக்கு, வேறென்ன வேண்டும். நான் பேசத் தொடங்காமல், அவனையே படத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். என்ன பார்த்தாய், எங்கே நின்றாய், எத்தனை படம் எடுத்தாய், இதை ஏன் தேர்ந்தெடுத்தாய். ஒன்பது படம் எடுத்திருக்கிறான். மற்ற எட்டில் சக்கரம் இன்னும் தூரத்தில் இருக்கிறது, அல்லது தாண்டிப் போய்விட்டது.

பிறகு, படத்தில் எது வேலை செய்கிறது என்பதைச் சொன்னேன். முதுகில் தட்டிக்கொடுப்பதற்காக இதை முதலில் சொல்லவில்லை. எதைத் தொடக் கூடாது என்பதை இரண்டு பேரும் முடிவு செய்துகொண்டால்தான் மற்றதைத் துணிந்து மாற்றலாம். ஒடிந்த ஹேண்டிலின் கோணமும் அந்த அம்மாவின் உயர்ந்த கையும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொள்கின்றன. வண்டிக்காரரின் கெண்டைக்கால் புடைத்திருப்பதில் பாரம் தெரிகிறது. அந்த நான்கு விரல் இடம் பளிச்சென்று இருக்கிறது, அங்கே வேறு எதுவும் குறுக்கே வரவில்லை. கேமராவில் நொடியில் 125-ல் ஒரு பங்கு ஷட்டர் வேகத்தில் சக்கரத்தின் கம்பிகள் லேசாகக் கலங்கியிருப்பதும் நல்லதுதான். இன்னும் வேகமாக வைத்திருந்தால் வண்டி நின்றுகொண்டிருப்பது போல ஆகியிருக்கும். இதைச் சொன்னபோது அவன் நிமிர்ந்தான். கம்பி கலங்கியதைத் தப்பு என்றே நினைத்திருந்தானாம்.

அடுத்தது அந்த அம்மா. 'டோன் பிரிவு இல்லை', அதாவது பக்கத்துப் பக்கத்துச் சாம்பல்கள் பிரிந்து தெரியவில்லை என்று சொன்னால் எனக்குப் புரியும், அவனுக்குப் புரியுமா? சுற்றிலும் பார்த்தேன். நாங்கள் உட்கார்ந்திருந்தது காகிதக் கடை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே எது மேப்லித்தோ, எது ஆர்ட் பேப்பர், எத்தனை ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) என்று சொல்கிற பையன் அவன். வெள்ளையிலேயே ஐந்து வெள்ளை சொல்வான்.

"வெள்ளையிலேர்ந்து கறுப்பு வரைக்கும் எட்டுத் தாள் எடுத்து வரிசையா வையேன்" என்றேன்.

ஒரு நிமிடத்தில் வைத்துவிட்டான். ஜெராக்ஸ் தாள், மேப்லித்தோ, கிரீம் வோவ், நியூஸ் பிரிண்ட், பிரவுன் தாள், க்ரே போர்டு, கருஞ்சாம்பலில் ஒரு கவர் அட்டை, கடைசியில் பிளாக் ஷீட். புகைப்படக்காரர்கள் இதையேதான் வேறு விதமாகச் செய்தார்கள். ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை பதினோரு படியாகப் பிரித்து, படத்தின் எந்த இடம் எந்தப் படியில் விழ வேண்டும் என்று எடுக்கும் முன்பே தீர்மானிக்க ஒரு முறையை வகுத்தார்கள். எங்களுக்கு எட்டுப் படி போதும்.

பிரிண்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இடமாகக் கேட்டேன். "கோலம்?" "ஜெராக்ஸ் தாள்." "நாற்காலி?" "அதுவும் ஜெராக்ஸ் தாள்." "வண்டிக்காரர் சட்டை?" "கிரீம் வோவ்." "ஷட்டர்?" "க்ரே போர்டு." "அந்த அம்மா புடவை?"

கையில் க்ரே போர்டை எடுத்துக்கொண்டு படத்தின் மேல் வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

"ரெண்டும் ஒரே போர்டுண்ணே."

அதை அவனே சொன்னதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

லேப்டாப்பில் ரா ஃபைலைத் திறந்தோம். நிறத்தில் பார்த்தால் அந்த அம்மா மொத்தப் படத்தையும் ஆள்கிறார். ரத்தச் சிவப்புப் புடவை, பின்னால் பாட்டில் பச்சை ஷட்டர். தெருவில் நின்றபோது தம்பியின் கண்ணை இழுத்தது இந்தச் சண்டைதான். கர்சரை வைத்து எண்களைப் பார்த்தோம். புடவையில் சிவப்பு 200, பச்சை 30, நீலம் 40. ஷட்டரில் சிவப்பு 20, பச்சை 125, நீலம் 25. நிறத்தைச் சாம்பலாக்கும் வழக்கமான கணக்கில் சிவப்பிலிருந்து சுமார் 30 சதவீதம், பச்சையிலிருந்து 59, நீலத்திலிருந்து 11 எடுத்துக் கூட்டுவார்கள். தம்பி கால்குலேட்டரை எடுத்துப் போட்டான். தசமத்தை விட்டுப் பார்த்தால் புடவைக்கு 82. ஷட்டருக்கும் 82. பில் போடுகிற கை என்பதால் இரண்டு தடவை சரிபார்த்தான்.

ஃபிலிம் காலத்தில் இதற்கு வடிகட்டி போடுவார்கள். லென்ஸுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி வைத்தால் சிவப்புப் பொருள் வெளுக்கும், பச்சை கறுக்கும். இப்போது ரா ஃபைலில் ஒவ்வொரு நிறத்தின் வெளிச்சத்தையும் தனித்தனியாக ஏற்றி இறக்கலாம். தம்பி ஆர்வத்தில் சிவப்பையும் ஆரஞ்சையும் சேர்த்து ஏற்றினான். அந்த அம்மா சட்டென்று எழுந்து வந்தார். ஆனால் முகமும் கையும் சேர்ந்து வெளுத்துவிட்டன. வண்டிக்காரரும் வெளுத்துவிட்டார்.

இந்த இடத்தில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசினேன். நம் ஆட்களின் தோல் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சுப் பகுதியில்தான் உட்கார்ந்திருக்கும். அதை ஏற்றினால் காலையிலேயே வேர்த்து நிற்கிற கறுத்த மனிதர் மாவு பூசியது போல ஆகிவிடுவார். ஸ்டுடியோ காலத்தில் வாடிக்கையாளர் கேட்டார் என்று எத்தனையோ முகத்தை வெளுத்துக் கொடுத்திருக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அப்போதும் இருந்ததில்லை. ஆரஞ்சைப் பழையபடி வைக்கச் சொன்னேன். சிவப்பைக் கொஞ்சம் மட்டும் ஏற்றி, பச்சையை நன்றாக இறக்கினோம். ஷட்டர் கவர் அட்டைக்கும் பிளாக் ஷீட்டுக்கும் நடுவில் போய் நின்றது. புடவை க்ரே போர்டிலிருந்து பிரவுன் தாளுக்கு ஏறியது. அதற்கு நடுவில் அந்த அம்மா, தோல் நிறம் மாறாமல், முழு உருவமாக வந்து உட்கார்ந்தார்.

"கான்ட்ராஸ்ட் இல்ல" என்று முதல் நாள் எழுதியிருந்தேனே, அதைச் சொன்னபடி செய்திருந்தால் என்ன ஆகும் என்றும் பார்த்தோம். மொத்தப் படத்துக்கும் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடு, ஏற்றினோம். சட்டை வெள்ளையடித்துப் போனது, கம்பிகள் கறுத்தன, புடவையும் ஷட்டரும் சேர்ந்தே கறுத்தன. 82-ம் 82-ம் எங்கே போனாலும் கையைப் பிடித்துக்கொண்டுதான் போகும். நான் சொன்ன நோய் ஓரளவு சரி, மருந்து தப்பு.

நாற்காலிக்கு வந்தோம். ஓரத்தில் இருக்கிற வெள்ளைப் பொருள் கண்ணைப் படத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு போகும். அதை எடுத்துவிட இப்போது ஒரு விநாடி போதும், மென்பொருளே தெருவை நிரப்பிக் கொடுத்துவிடும். தம்பி கேட்கவும் செய்தான். வேண்டாம் என்றேன். தெருவில் எடுத்த படம் என்று சொல்லிவிட்டு அந்தத் தெருவில் இருந்ததை இல்லாமல் ஆக்கக் கூடாது. கறுப்பாக்கலாம், அழிக்கக் கூடாது. டார்க் ரூமில் எஞ்சிய இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு ஓரத்துக்கு மட்டும், ஃபிலிமைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜரின் வெளிச்சத்தைக் கூடுதலாகக் காட்டுவோம், பர்னிங் என்போம். அதையே மவுசால் செய்தோம். நாற்காலி நியூஸ் பிரிண்டுக்கு இறங்கியது. அங்கேயே இருக்கிறது, ஆனால் கூப்பிடுவதில்லை.

கட்டம் வெட்டுவது கடைசியில். பிளாக் ஷீட்டிலிருந்து இரண்டு 'ட' வடிவத் துண்டு வெட்டிக் கொடுத்தான், நூல் பிடித்தது போல நேராக. இரண்டையும் எதிரெதிராகப் பிரிண்டின் மேல் வைத்து நகர்த்தினால் வேண்டிய அளவுக்குச் சட்டம் கிடைக்கும். நான் சட்டத்தைத் தொடவில்லை. நான் நகர்த்தினால் அது என் படமாகிவிடும். அவன் வலது பக்கத்தைத் தொடவே இல்லை. மேலிருந்து இறக்கினான். கம்பிக் கூட்டத்தில் பாதி போனது. இன்னும் இறக்கினான். மாடியில் துணிக்கு நடுவே இருந்த குழந்தையின் முகம் போனது. நிறுத்தி, மறுபடி ஏற்றினான்.

"இந்தப் பாப்பாவ நான் பாக்கவே இல்லண்ணே."

"நான் ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் பாத்தேன்."

இருக்கட்டும் என்று முடிவு செய்தான். எனக்கு அந்த மேல் பகுதி அதிகம் என்றுதான் பட்டது, இப்போதும் படுகிறது. சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான், மாற்றவில்லை. அது அவன் உரிமை.

மறுநாள், மாதக் கடைசி ஞாயிறு, ஆறரை மணிக்கு அந்தச் சந்துக்கே போனோம். கருத்துச் சொல்கிறவர் எடுத்த இடத்தைப் போய்ப் பார்ப்பது எல்லா நேரமும் நடக்காது. முடிந்தால் போக வேண்டும். போனால் பேச்சே மாறும். காளிகாம்பாள் கோயில் மணிச் சத்தம் கேட்கிற தூரம். தை பிறந்துவிட்டதால் கோலங்கள் சிறுத்திருந்தன, ஆனால் சந்து முழுவதும் தண்ணீர் தெளித்து ஈரமாக இருந்தது.

அவன் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். முதுகில் சுவர் இடித்தது. "பின்னாடி போய் நின்னு எடு" என்று எழுதியிருந்தேன். பின்னால் போக ஓரடிகூட இல்லை.

வெளிச்சத்தையும் கவனித்தோம். தம்புச் செட்டித் தெரு போலவே அந்தச் சந்தும் வடக்குத் தெற்காகப் போகிறது. சூரியன் துறைமுகப் பக்கமிருந்து எழும்புகிறது. கிழக்கு வரிசையில் மூன்று மாடிக் கட்டடங்கள். ஏழரை மணிக்கு மேற்கு வரிசையின் மொட்டை மாடிச் சுவரில் மட்டும் மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது. ஜனவரியில் அங்கே நேர் வெயில் தரைக்கு வர உச்சிப் பொழுதாகிவிடும், சூரியன் தெற்கே போய்ச் சந்தின் நீளத்துக்கு நேராக நிற்கும்போதுதான் வழி கிடைக்கும். கோலம் போடுகிற நேரத்தில் நிழல் விழுகிற வெளிச்சம் இந்தச் சந்தில் கிடையவே கிடையாது. வானத்திலிருந்து இறங்குகிற மெத்தென்ற வெளிச்சம்தான். நான் கேட்ட கான்ட்ராஸ்டை இந்த இடம் கொடுக்கவே முடியாது.

படத்தில் வண்டிக்காரர் தலைக்குப் பின்னால் ஒரு மின்கம்பம் முளைத்திருந்தது, அதை மட்டும் இங்கே வைத்துச் சொன்னேன். எடிட்டிங்கில் ஒன்றும் செய்ய முடியாத குறையை மேசையில் சொல்லிப் பயனில்லை. அவனை நின்ற இடத்தில் நிறுத்தி, நான் வண்டிக்காரர் இடத்தில் போய் நின்றேன். அரை அடி வலப்பக்கம் நகரச் சொன்னேன். "கம்பம் வெளிய வந்துடுச்சுண்ணே" என்றான். இனி அது அவன் காலுக்குத் தெரியும்.

ஷட்டருக்குப் பக்கத்து வாசலில் அந்த அம்மா பால் பாத்திரத்தோடு வந்தார். தம்பி தயங்கினான். புதிதாக அடித்த பிரிண்ட் ஒன்றைக் கவரில் கொண்டுவந்திருந்தோம், அவருக்குக் கொடுப்பதற்காகவே. அவன் வணக்கம் சொல்லி, மார்கழியில் எடுத்தது என்று சொல்லி, கேட்காமல் எடுத்துவிட்டேன், உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் யாருக்கும் காட்டமாட்டேன் என்றான். சொல்லும்போது குரல் கொஞ்சம் நடுங்கியது.

அவர் பாத்திரத்தைப் படியில் வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். எங்கள் மூன்று நிமிடத்தைவிட நிச்சயம் அதிக நேரம் பார்த்தார்.

"என்னை நல்லாத்தான் எடுத்திருக்கே. காட்டு, காட்டு, யாருக்கு வேணா காட்டு" என்றார். அப்புறம் படத்தின் அடி ஓரத்தில் விரலை வைத்தார். "ஆனா கோலத்த வெட்டிட்டியேப்பா. பதினஞ்சு புள்ளி, எட்டுல நிக்கிற எடப்புள்ளி. அஞ்சு மணிக்குக் குந்தினது. இந்தப் பக்கம் ரெண்டு வரிசையே காணோமே. மேல இத்தினி ஒயரு எதுக்கு?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் படத்தைப் பார்த்தேன். வண்டிக்காரரின் பாதம் வெட்டுப்பட்டதும் அதே அடி ஓரத்தில்தான். சுவரில் சாய்ந்தபடியே கேமராவைக் கொஞ்சம் கீழே தாழ்த்தியிருந்தால் கோலமும் பாதமும் இரண்டுமே உள்ளே வந்திருக்கும், பின்னால் போகவே வேண்டாம். மேலே கம்பிகள் போயிருக்கும். மாடிக் குழந்தையும் போயிருக்கும்.

"இது யாரும்மா?" என்று தம்பி குழந்தையின் மேல் விரல் வைத்துக் கேட்டான்.

அவர் கண்ணைச் சுருக்கிக் குனிந்தார். "அய்ய, எங்க பேத்திப்பா இது!" என்று சிரித்து, படத்தை எடுத்துக்கொண்டு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு மறுபடி ஒரு படம் வந்தது. பூக்கடைப் பக்கம், மழைக்குத் தார்ப்பாய் கட்டிய ஒரு கடை. கீழே "எப்படி இருக்குண்ணே?" இல்லை. மூன்று வரி எழுதியிருந்தான்: எதற்காக எடுத்தான், எங்கே நின்றான், எந்த இடம் எந்தத் தாள். தார்ப்பாய் பிளாக் ஷீட், பூக்காரரின் தலைமுடியும் பிளாக் ஷீட், அங்கேதான் சந்தேகம் என்றான்.

ஒரிஜினலை அனுப்பச் சொல்லிவிட்டு, பிரிண்டரில் தாளை வைத்தேன்.